பிரஸ்ஸுக்குள் கைக்கு என்ன வேலை?

அம்பத்தூர், கோவை கணபதி, ஓசூர் என்று எந்த ஊரில் தகடு அடிக்கும் பட்டறைக்குள் நுழைந்தாலும் முதலில் காதில் விழுவது பவர் பிரஸ் சத்தம்தான். வாஷர், கிளிப், பிராக்கெட், பம்பு மூடி, மிக்ஸி அடித்தட்டு எல்லாம் அதன் வாயிலிருந்து வருபவை. பட்டறையில் விரல் போகிற இடமும் அதுவே. லேத்தில் காயம் படும், கிரைண்டரில் கண்ணில் பொறி விழும், டிரில்லிங் எந்திரம் சட்டைக் கையை இழுக்கும். ஆனால் ஒரே நொடியில் மூன்று விரல் காணாமல் போவது பிரஸ்ஸில்தான்.

டெல்லியை அடுத்த குருகிராம், மானேசர் பகுதியில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளில் அடிபட்டவர்களோடு வேலை செய்யும் ‘சேஃப் இன் இந்தியா’ என்ற அமைப்பு 2019 முதல் ‘கிரஷ்ட்’ என்ற பெயரில் அறிக்கைகள் வெளியிட்டு வருகிறது. அவற்றில் திரும்பத் திரும்ப வரும் செய்திகள் சில உண்டு. கை நசுங்கியவர்களில் பெரும்பங்கு பவர் பிரஸ்ஸில் நின்றவர்கள். ஹெல்பர் என்று சேர்த்துக்கொண்டு பிரஸ் ஓட்ட விடப்பட்டவர்கள் அவர்களில் பலர். பலருக்கு ஈ.எஸ்.ஐ. அட்டை கைக்கு வந்ததே விபத்துக்குப் பிறகுதான். நம் ஊர்ப் பட்டறைகளைத் தெரிந்தவர்களுக்கு இதில் எதுவும் வடநாட்டுக் கதையாகத் தோன்றாது.

இந்த அத்தியாயம் பத்துப் பேரிலிருந்து ஐம்பது பேர்வரை வேலை செய்யும் பட்டறையின் முதலாளிக்கும் சூப்பர்வைசருக்கும். பெரிய கம்பெனிகளில் இதற்கென்றே பாதுகாப்பு அதிகாரி இருப்பார். உங்கள் பட்டறையில் அந்த வேலையும் உங்கள் தலையில்தான்.

9,600 முறை

‘கவனமாக வேலை செய்யவும்’ என்ற போர்டு இல்லாத பட்டறையை நான் பார்த்ததில்லை. விபத்து நடந்த மறுநாள் அதே போர்டுக்குக் கீழே நின்றுகொண்டு, “அவன் கவனமா இருந்திருக்கணும் சார்” என்பார்கள். இந்தப் பேச்சை ஒரு சின்னக் கணக்கு உடைத்துவிடும்.

ஆறு விநாடிக்கு ஒரு பீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேர ஷிஃப்டில் 4,800 பீஸ். ஒவ்வொன்றுக்கும் துண்டை வைக்க ஒருமுறை, அடித்ததை எடுக்க ஒருமுறை என்று கை டைக்குள் போய்வருகிறது. ஆக 9,600 முறை. ஒவ்வொரு முறையும் கை வெளியே வந்த பிறகுதான் கால் பெடலை மிதிக்க வேண்டும். கைக்கும் காலுக்கும் உள்ள இந்த ஒத்திசைவு ஒரு ஷிஃப்டில் ஒரேயொரு முறை தவறினால் போதும். பீஸ் ரேட்டில் ஓட்டுகிறவர், ஓவர்டைமில் பன்னிரண்டாவது மணி நேரம் நிற்கிறவர், ஊரிலிருந்து வந்த போன் மனதில் ஓடுகிறவர் என்று எவருக்கும் அது தவறும். உங்களுக்கும் தவறும்.

ஆகவே கவனம் என்பதைப் பாதுகாப்பு ஏற்பாடாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். கவனம் தவறிய நொடியிலும் விரல் மிஞ்சுகிற மாதிரி எந்திரத்தை மாற்றுவதுதான் வேலை. முதல் கேள்வி, கை உள்ளே போகாமலே இந்த ஜாபை முடிக்க முடியுமா என்பது. முடியாது என்றால், கை உள்ளே இருக்கும்போது ராம் இறங்காமல் தடுக்க முடியுமா? அதற்கும் வழியில்லை என்றால்தான் இடுக்கி, பயிற்சி, மேற்பார்வை எல்லாம். நடைமுறையில் நாம் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் கையுறை வாங்கிக் கொடுக்கிறோம். தகட்டின் விளிம்பு கீறாமல் இருக்கக் கையுறை உதவும், அதற்காக அவசியம் போடட்டும். இருபது டன் ராமுக்குக் கையுறையும் ஒன்றுதான், விரலும் ஒன்றுதான்.

சட்டமும் இதையே கேட்கிறது. 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆவது பிரிவு, எந்திரத்தின் ஆபத்தான பாகங்கள் எல்லாம் ஓடும்போது உறுதியான தடுப்புக்குள் இருக்க வேண்டும் என்றது. தொழிலாளியின் கவனத்தை அது தடுப்பாக ஏற்கவில்லை. இப்போது 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்திருக்கின்றன. பணியிடப் பாதுகாப்புக்கான தொகுப்பிலும் ஆபத்தில்லாத பணியிடத்தைத் தருவது முதலாளியின் கடமைதான். பிரிவு எண் மாறியதால் ராமின் எடை குறையவில்லை.

கிளட்ச்சைத் திறந்து பாருங்கள்

உங்கள் பிரஸ்ஸில் என்ன கிளட்ச் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? கூச்சப்பட வேண்டாம், பத்து வருடம் பிரஸ் வைத்திருப்பவர்களில் பலர் இந்தக் கேள்விக்கு மெக்கானிக்கைத்தான் தேடுவார்கள். ஆனால் இந்த அத்தியாயத்தில் மற்ற எல்லாமே இதன் பதிலைப் பொறுத்தது.

சிறு பட்டறைகளில் அதிகம் இருப்பது கீ கிளட்ச். மோட்டார் ஓடும்வரை ஃபிளைவீல் சுற்றிக்கொண்டே இருக்கும். பெடலை மிதித்தால் ஒரு கொண்டி விலகும். கிராங்க் ஷாஃப்டில் உள்ள சாவி புரண்டு ஃபிளைவீலோடு கோத்துக்கொள்ளும். ஷாஃப்ட் ஒரு முழுச் சுற்று சுற்றும், ராம் கீழே இறங்கி மேலே ஏறும். மேலே வந்ததும் கொண்டி மறுபடி சாவியைத் தட்டி விடுவிக்கும், பிரேக் ஷாஃப்டைப் பிடித்து நிறுத்தும். இதில் மறக்கக் கூடாதது, சாவி ஒருமுறை கோத்துவிட்டால் சுற்று முடியும்வரை நிற்காது என்பதுதான். பெடலிலிருந்து காலை எடுத்தாலும், ஸ்விட்சை அணைத்தாலும், ராம் கீழே வந்தே தீரும்.

அடுத்தது, டபுள் ஸ்ட்ரோக். ஆள் ஒருமுறைதான் மிதித்திருப்பார். ராம் இறங்கி ஏறும். அடித்த பீஸை எடுக்கக் கையை நீட்டுவார். ராம் தானாக மறுபடி இறங்கும். “தானா விழுந்துடுச்சு சார்” என்று அடிபட்டவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சொன்னால் முதலாளிகள் நம்புவதில்லை. நம்புங்கள். கொண்டியின் ஸ்பிரிங் உடைந்திருக்கும் அல்லது தளர்ந்திருக்கும். கொண்டியின் முனையோ சாவியின் விளிம்போ தேய்ந்து மழுங்கியிருக்கும். பிரேக் லைனிங்கில் ஆயில் இறங்கியிருக்கும். பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று இருக்கும்.

இவை எல்லாமே முன்கூட்டித் தெரியக்கூடியவை. காலையில் ஜாப் தொடங்கும் முன் வெறும் டையில் சில ஸ்ட்ரோக் அடித்து, ராம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் உச்சியில் அதே இடத்தில் நிற்க வேண்டும். உச்சியைத் தாண்டிக் கொஞ்சம் கீழே சரிந்து நின்றால் பிரேக் பிடிக்கவில்லை. உச்சிக்கு வராமலே நின்றால் பிரேக் அதிகமாக இறுகியிருக்கிறது. பிறகு பெடலை மிதித்தபடியே காலை வைத்திருங்கள். சிங்கிள் ஸ்ட்ரோக் இணைப்பு சரியாக இருந்தால் ஒரே ஒரு ஸ்ட்ரோக்தான் விழ வேண்டும். தொடர்ந்து விழுந்தால், பட்டையாகத் தகடு ஓட்டும் ஜாபுக்காக யாரோ அந்த இணைப்பைக் கழற்றிவிட்டு மறந்திருக்கிறார்கள். இந்தச் சோதனை முடிய இரண்டு நிமிடம்கூட ஆகாது. முடித்தவர் பெயரும் நேரமும் எந்திரத்தில் தொங்கும் அட்டையில் இருக்கட்டும்.

மாதம் ஒருமுறை கிளட்ச் மூடியைத் திறந்து சாவியையும் ஸ்பிரிங்கையும் கண்ணால் பார்க்க வேண்டும். ஆயுத பூஜைக்கு எந்திரத்தைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கிப் பொரி கடலை கொடுக்கிறோம். அன்று எல்லா எந்திரமும் நின்றிருக்கிறது, எல்லா மெக்கானிக்கும் ஊரில் இருக்கிறார். பொட்டு வைப்பதற்கு முன் கிளட்ச்சைப் பிரித்து, தேய்ந்த சாவியையும் பழைய ஸ்பிரிங்குகளையும் மொத்தமாக மாற்றிவிடுங்கள். அதற்காக மற்ற பதினொரு மாதம் திறக்காமல் விடக் கூடாது.

இரண்டு பட்டன், ஒரு திரை

“சென்சார் போட்டுட்டோம் சார், இனி பிரச்சினை இல்லை” என்று காட்டுவார்கள். போய்ப் பார்த்தால் கீ கிளட்ச் பிரஸ்ஸில் ஒளித்திரை மாட்டியிருக்கும். கை குறுக்கே போனால் திரை எந்திரத்துக்கு ‘நில்’ என்று சொல்லும். சுற்று முடியாமல் நிற்க முடியாத எந்திரத்துக்கு அந்தக் கட்டளையால் ஒரு பயனும் இல்லை. ஒளித்திரை, நடுவழியில் நிற்கக்கூடிய நியூமேடிக் கிளட்ச் பிரஸ்ஸுக்கு மட்டுமே. இதைச் சொல்லாமல் விற்றுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். “என் பிரஸ் நடுவழியில் நிற்குமா?” வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான்.

இரட்டைப் பட்டனிலும் இதே வலை உண்டு. இரு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் ராம் இறங்கும், ஆகவே கை உள்ளே இருக்க முடியாது என்பது நினைப்பு. நியூமேடிக் பிரஸ்ஸில் பட்டனை விட்டால் ராம் நின்றுவிடும். கீ கிளட்ச்சில் பட்டனை விட்ட பிறகும் ராம் வந்துகொண்டிருக்கும். பட்டனிலிருந்து கையை எடுத்து டைக்குள் நீட்ட நேரம் இருக்குமா என்பதே கேள்வி.

கை நகரும் வேகத்தை விநாடிக்கு 1.6 மீட்டர் என்று எடுத்துக்கொள்வது பல நாடுகளின் பாதுகாப்புக் கணக்கில் உள்ள வழக்கம். நிமிடத்துக்கு 60 ஸ்ட்ரோக் ஓடும் பிரஸ்ஸில் ஒரு சுற்றுக்கு ஒரு விநாடி. சாவி கோக்க ஃபிளைவீலில் ஒரே ஒரு பள்ளம் இருந்தால், அது சுற்றி வருவதற்கு மோசமான நேரத்தில் ஒரு விநாடி காத்திருக்க வேண்டும். பிறகு ராம் உச்சியிலிருந்து அடிவரை இறங்க அரை விநாடி. மொத்தம் ஒன்றரை விநாடி. அதை 1.6ஆல் பெருக்கினால் 2.4 மீட்டர். அதாவது, பட்டன் டையிலிருந்து இரண்டரை மீட்டருக்கு அப்பால் இருந்தால்தான் காப்பாற்றும். நம் பட்டறைகளில் அது ஒன்றரை அடியில் இருக்கிறது. மெதுவாக ஓடும் பிரஸ் ஆபத்துக் குறைந்தது என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். வேகம் குறையக் குறையக் கைக்கு உள்ளே போக அதிக நேரம் கிடைக்கிறது.

நியூமேடிக் பிரஸ் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘நில்’ என்றபின் நிற்க 0.2 விநாடி எடுக்கும் பிரஸ்ஸில் ஒளித்திரை குறைந்தது 32 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். திரையைச் செய்தவர் குறிப்பிடும் கூடுதல் இடைவெளியையும் இதோடு சேர்க்க வேண்டும். பிரேக் தேயத் தேய அந்த 0.2 கூடிக்கொண்டே போகும். நிற்கும் நேரத்தை அளக்கக் கருவி இருக்கிறது, திரை விற்றவரையே வந்து அளக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டிலிருந்து கை போகாதபடி இரண்டு பக்கமும் தகடு அடைத்திருக்க வேண்டும். பைபாஸ் சாவி மேஜைக்கு அடியில் ஆணியில் தொங்கக் கூடாது, உங்கள் சாவிக்கொத்தில் இருக்க வேண்டும்.

கூண்டும் டையும்

அப்படியானால் கீ கிளட்ச் பிரஸ்ஸுக்கு என்ன வழி? கூண்டுதான். டையைச் சுற்றி நாலாபுறமும் அடைத்த நிலையான தடுப்பு. தகடு நுழைய ஒரு பிளவு, வெட்டிய பீஸும் ஸ்கிராப்பும் வெளியேற வேறொரு வழி. ஆங்கிள், வலைத்தகடு, பாலிகார்பனேட் ஷீட் எல்லாம் உங்கள் பட்டறையிலேயே கிடக்கும், வெல்டரும் இருக்கிறார். தகடு நுழையும் பிளவு 6 மில்லிமீட்டருக்கு மேல் போகாவிட்டால் விரல் வெட்டும் இடத்தை எட்டாது. பிளவு அகலமாக வேண்டியிருந்தால் கூண்டை அதற்கேற்பத் தள்ளி வையுங்கள். போல்ட் போட்டு இறுக்குங்கள், கையால் தூக்கி எடுக்கிற கொக்கி வேண்டாம். கையால் எடுக்க முடிகிற கூண்டு மூன்றாம் நாள் பிரஸ்ஸுக்குப் பின்னால் கிடக்கும்.

கூண்டு போட்டால் புரொடக்ஷன் குறையும் என்பார்கள். சரியாக வடிவமைக்காத கூண்டு போட்டால் குறையும், உண்மைதான். ஆகவே கூண்டை டையோடு சேர்த்து யோசிக்க வேண்டும். புதிய டைக்கு ஆர்டர் கொடுக்கும்போதே டூல்ரூம்காரரிடம், “கையைப் போடாம எப்படிப்பா பீஸை வெளியே எடுக்கிறது?” என்று கேளுங்கள். வழிகள் நிறைய இருக்கின்றன. சாயக்கூடிய பிரஸ்ஸாக இருந்தால் பின்னால் சாய்த்து வைக்கலாம், பீஸ் தானே வழுக்கிப் பின்பக்கம் விழும். காற்றுக்குழாய் வைத்து ஊதித் தள்ளலாம். பஞ்சில் நாக்-அவுட் வைக்கலாம். சின்னத் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கையால் வைப்பதற்குப் பதில் அடுக்கி வைத்து ஒரு தள்ளுபலகையால் உள்ளே தள்ளலாம். டையையே இழுப்பறை போல வெளியே இழுத்து, துண்டை வைத்து, உள்ளே தள்ளி அடிக்கிற அமைப்பும் உண்டு. ஸ்ட்ரோக்கின் தூரத்தைக் குறைத்து, பஞ்சுக்கும் டைக்கும் நடுவே திறப்பு 6 மில்லிமீட்டரைத் தாண்டாதபடி செய்ய முடிகிற ஜாபுகளும் இருக்கின்றன. அங்கே கூண்டுகூடத் தேவையில்லை. கை உள்ளே போகாத டையில் ஆள் அஞ்சி அஞ்சி ஓட்டுவதில்லை, வேகம் கூடத்தான் செய்யும்.

எல்லாவற்றுக்கும் பிறகு, மாதத்துக்கு இருநூறு பீஸ் மட்டும் வரும் ஒற்றை ஜாபுகள் மிஞ்சும். அவற்றுக்கு நீண்ட இடுக்கி, காந்தத் தண்டு, ரப்பர் உறிஞ்சி. இடுக்கி அலுமினியம் போன்ற மென்மையான உலோகத்தில் இருக்கட்டும், ராமுக்குள் மாட்டினால் அது நசுங்கும், டை பிழைக்கும். இடுக்கி கொடுத்தாலே போதாது. அது இல்லாமல் கை நீட்டுகிறவரைப் பார்த்தால் அந்த இடத்திலேயே எந்திரத்தை நிறுத்த சூப்பர்வைசருக்கு மனம் வர வேண்டும். சாயங்காலம் லாரி நிற்கும் நேரத்தில் அது வருகிறதா என்பதுதான் சோதனை.

பெடலை மறந்துவிடாதீர்கள். மேலேயும் பக்கவாட்டிலும் மூடிய பெட்டிக்குள் பெடல் இருக்க வேண்டும். ஸ்கிராப் துண்டு விழுந்து, கடந்து போகிறவரின் கால் பட்டு, தள்ளிவந்த டிராலி இடித்து ஸ்ட்ரோக் விழுவதெல்லாம் நடக்கிறது. ஒரே பிரஸ்ஸில் ஒருவர் துண்டு வைக்க, இன்னொருவர் மிதிப்பது என்ற வழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள்.

டை மாற்றும் நேரம்

ஓட்டுகிறவரைப் பற்றியே பேசி, செட்டரை விட்டுவிடுகிறோம். அவர் தலையும் தோளும் கையும் சேர்ந்து டைக்குள் இருக்கும். கூண்டு கழற்றியிருக்கும். மோட்டாரை அணைத்தவுடன் வேலையைத் தொடங்கிவிடுவார், ஆனால் ஃபிளைவீல் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த மிச்சச் சுழற்சியே ஒரு ஸ்ட்ரோக்குக்குப் போதும்.

வரிசை இதுதான். மோட்டாரை அணைக்க வேண்டும். ஃபிளைவீல் முழுக்க நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். மெயினை இறக்கி, அதில் செட்டர் தன் சொந்தப் பூட்டைப் போட வேண்டும், சாவி அவர் சட்டைப்பையில். ராமுக்கும் போல்ஸ்டருக்கும் நடுவே கனமான முட்டுக்கட்டை ஒன்றை நிறுத்த வேண்டும். அதன் பிறகுதான் கை உள்ளே. ‘வேலை நடக்கிறது’ என்று அட்டை தொங்கவிடுவது பூட்டுக்கு ஈடாகாது. அட்டையைப் படிக்கத் தெரியாதவரும் ஸ்விட்சைப் போடத் தெரிந்தவர்தான். ஷாஃப்டைச் சுற்றப் போட்ட கம்பியை எடுக்காமல் மோட்டாரைப் போட்டால் அது பறந்து யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. முட்டுக்கட்டைக்கும் அந்தக் கம்பிக்கும் பளிச்சென்று மஞ்சள் பெயிண்ட் அடித்து, சுவரில் அவற்றுக்கென்று ஓர் இடம் ஒதுக்குங்கள். இரண்டும் சுவரில் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே மோட்டாரைப் போட வேண்டும்.

யார் ஓட்டலாம்?

பிரஸ் ஓட்டத் தகுதியானவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றை எழுதி ஒட்டுங்கள். அதில் இல்லாதவர், ஹெல்பரோ காண்ட்ராக்ட்காரர் நேற்று அனுப்பிய பையனோ, தொடக் கூடாது. பதினெட்டு வயது ஆகாதவரைப் பிரஸ் பக்கமே விடாதீர்கள். இருவர் லீவு போட்ட திங்கட்கிழமையில்தான் இந்தப் பட்டியல் உடையும். அன்று இரண்டு பிரஸ்ஸைச் சும்மா நிறுத்துவது எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் நிறுத்த வேண்டும்.

இன்று பிரஸ் முன் நிற்பவர்களில் பலர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வந்தவர்கள். தமிழில் கத்தினால் தலையாட்டுவார்கள். புரிந்ததா என்பது வேறு விஷயம். மொழி தேவைப்படாத பயிற்சி ஒன்று உண்டு. கடைத்தெருவிலிருந்து நீளமான முருங்கைக்காய் இரண்டு வாங்கி வாருங்கள். புதியவர்களைச் சுற்றி நிறுத்தி, ஒன்றை நீண்ட இடுக்கியில் பிடித்து வெட்டும் டைக்குள் நீட்டி ஒரு ஸ்ட்ரோக் அடித்துக் காட்டுங்கள். துண்டு சுத்தமாக அறுந்து கீழே விழும். அடுத்ததை வளைக்கும் டையில் வையுங்கள். நார் தெறித்து, விதை நசுங்கிக் கூழாகிப் பஞ்சில் ஒட்டும். அதைத் துடைக்கும் வேலையை எந்திரத்தை அணைத்துப் பூட்டிய பிறகு புதியவரிடமே கொடுங்கள். பூட்டுப் போடும் பாடமும் அதோடு முடிந்துவிடும். பிறகு பழைய ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்க, அவர் மொழி தெரிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது, ஒரு வாரமாவது ஓட்டட்டும்.

துப்பட்டா, லுங்கி, கழுத்துச் சங்கிலி, முழுக்கைச் சட்டையின் திறந்த பட்டன் எல்லாம் பெல்ட்டுக்கும் ஃபிளைவீலுக்கும் இரை. ஓவர்கோட் கொடுங்கள், பெல்ட்டுக்கு மூடி போடுங்கள். சத்தத்துக்குக் காதடைப்பு கொடுங்கள், போனில் பாட்டுக் கேட்கும் இயர்போனை அனுமதிக்காதீர்கள். கிளட்ச் சத்தம் மாறுவதை முதலில் கேட்க வேண்டியது ஓட்டுகிறவர் காதுதான்.

எந்திரத்தின் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கட்டும். ராம் தானாக இறங்கியது, இடுக்கி மாட்டியது, பெடல் சிக்கியது என்று நூலிழையில் தப்பியவை எல்லாம் அதில் ஏற வேண்டும். எழுதத் தெரியாதவர் சொன்னால் சூப்பர்வைசர் எழுதுவார். எழுதியவருக்கு அபராதமோ திட்டோ கிடைத்தால் அடுத்த நாளிலிருந்து நோட்டு வெறுமையாக இருக்கும். டபுள் ஸ்ட்ரோக் என்று ஒரே ஒரு வரி வந்தாலும், கிளட்ச்சைத் திறந்து பார்க்காமல் அந்தப் பிரஸ் ஓடக் கூடாது.

விரல் போய்விட்டால்

கை மாட்டிக்கொண்டால் பதற்றத்தில் பெடலை மறுபடி மிதிக்கிறவர்கள் உண்டு. மிதிக்கக் கூடாது. மோட்டாரை அணைத்து, ஃபிளைவீல் நின்ற பிறகு ராமைக் கையால் உயர்த்த வேண்டும். எந்தப் பிரஸ்ஸில் எப்படி உயர்த்துவது என்பது எந்திரத்துக்கு எந்திரம் மாறும். ஒரு நாள் மெக்கானிக்கை வைத்து எல்லோருக்கும் செய்து காட்டச் சொல்லுங்கள்.

காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்தி வையுங்கள். மஞ்சள்தூள், காப்பித்தூள், கிரீஸ் எதுவும் அப்ப வேண்டாம். விரலடியில் கம்பியோ ரப்பர் பேண்டோ போட்டு இறுக்க வேண்டாம். குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள், மயக்க மருந்து கொடுக்க அது தடையாகும். துண்டான விரலைத் தேடி எடுங்கள், நசுங்கியிருந்தாலும் எடுங்கள், ஒட்ட முடியுமா என்று டாக்டர் முடிவு செய்யட்டும். மேலோட்டமாக நல்ல தண்ணீரில் அலசி, ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சிடுங்கள். அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீருக்குள் வையுங்கள். விரல் நேராக ஐஸில் பட்டால் திசு உறைந்து செத்துவிடும். டீக்கடையில் ஐஸ் கிடைக்கும் என்பதும் எந்தக் கடை இரவில் திறந்திருக்கும் என்பதும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். விரலில் தசை இல்லாததால் இப்படிக் குளிரில் வைத்தால் 12 மணி நேரத்துக்கு மேலும் தாங்கும். மணிக்கட்டுக்கு மேலே துண்டானால் அவ்வளவு அவகாசம் கிடையாது.

எங்கே கொண்டு போவது என்பதும் அன்று யோசிக்கிற விஷயமல்ல. சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி கட்டி எழுப்பிய கை அறுவைச் சிகிச்சைத் துறை பல பத்தாண்டுகளாக இயங்கிவருகிறது. கோவையில் கங்கா மருத்துவமனை இந்தச் சிகிச்சைக்குப் பெயர் பெற்றது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் கை அறுவைச் சிகிச்சை நிபுணர் எங்கே இருக்கிறார் என்று இந்த வாரமே விசாரித்து, போன் எண்ணைப் பிரஸ்ஸுக்கு எதிர்ச் சுவரில் எழுதுங்கள். கிளம்பும்போதே போன் செய்துவிடுங்கள்.

ஆள் சேர்ந்த முதல் நாளே ஈ.எஸ்.ஐ.யில் பதிவு செய்யுங்கள். வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு, இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. சிகிச்சையோடு, வேலைக்குத் திரும்ப முடியாத காலம் முழுக்கச் சராசரிக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். நிரந்தர ஊனமானால் வருமான இழப்பின் அளவுக்கு ஏற்ப மாதாமாதம் ஆயுள் முழுதும் தொகை வரும். 2017இல் நிர்ணயித்த கூலி வரம்பு மாதம் 21,000 ரூபாய். ஈ.எஸ்.ஐ.க்கு வெளியே இருப்பவர்களுக்கு 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் ஓர் அட்டவணை போட்டது. கட்டைவிரல் முழுதும் போனால் 30 சதவீத இழப்பு, ஆள்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, சுண்டுவிரலுக்கு 7. ஒரு கையின் நான்கு விரலும் போனால் 50. ஃபிட்டர் ஒருவருக்கு ஆள்காட்டி விரல் பதினான்கு சதவீதமா, எழுபதா என்பது அட்டவணை போட்டவர்களுக்குத் தெரிய நியாயமில்லை.

விபத்தை மறைக்காதீர்கள். 48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வர முடியாத காயம் என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதே நீண்டகால விதி. ‘வீட்டில் கதவில் நசுங்கியது’ என்று எழுதச் சொல்லும் பழக்கம் இன்னும் இருக்கிறது. எலும்பு நசுங்கிய விதத்தைப் பார்த்தாலே டாக்டருக்குத் தெரிந்துவிடும். பொய் எழுதியது தெரிந்தால் ஈ.எஸ்.ஐ. பணமும் சிக்கும், உங்கள் மீது வழக்கும் கனமாகும்.

விபத்து நடந்த பிரஸ்ஸை அப்படியே நிறுத்தி, போட்டோ எடுங்கள். ராம் நின்ற இடம், பெடல் இருந்த நிலை, கூண்டு போட்டிருந்ததா இல்லையா என்று எல்லாம் படத்தில் இருக்க வேண்டும். கிளட்ச்சை செட்டர் ஒருவர், வெளி மெக்கானிக் ஒருவர் என்று இருவர் சேர்ந்து திறந்து பார்க்கட்டும், மாற்றிய பாகத்தைத் தேதி எழுதிப் பையில் போட்டு வையுங்கள். அதே கிளட்ச், அதே வயதுள்ள மற்ற பிரஸ்களையும் அன்றே திறந்து பார்த்துவிடுங்கள். நிறுத்திய பிரஸ்ஸை மறுபடி ஓட்டலாம் என்று எழுத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் முதலாளியான நீங்கள், சூப்பர்வைசர் அல்ல.